தன் மக்களின் ஆட்டத்தை வரைந்தவர்: டக்கோட்டா ஓவியர் ஓஸ்கார் ஹோவ்

1958ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் துல்சா நகரிலுள்ள பில்புறூக் அருங்காட்சியகத்துக்கு ஓர் ஓவியம் வந்து சேர்ந்தது. பூர்வகுடி ஓவியர்களுக்காக அந்த அருங்காட்சியகம் ஆண்டுதோறும் நடத்திய போட்டிக்கு அது அனுப்பப்பட்டிருந்தது. ஓவியத்தின் பெயர் உமினே வச்சிபெ. போரும் சமாதானமும் பற்றிய நடனம் என்பது அதன் பொருள். நடுவர்கள் அதைப் பார்த்தார்கள். நல்ல ஓவியம்தான், ஆனால் இது இந்தியப் பாணியில் இல்லை என்று முடிவு செய்து போட்டியிலிருந்து நீக்கினார்கள்.

வரைந்தவர் ஓஸ்கார் ஹோவ். டக்கோட்டா இனத்தின் யாங்டனாய் பிரிவைச் சேர்ந்தவர். பூர்வகுடிகளுக்கென அரசு ஒதுக்கிய நிலத்தில் பிறந்து, டக்கோட்டா மொழியைத் தாய்மொழியாகப் பேசி வளர்ந்தவர். ஓவியத்தில் இருந்த நடனம் அவருடைய மக்களின் நடனம். அதே போட்டியில் 11 ஆண்டுகளுக்கு முன்னர் முதற்பரிசும் வாங்கியிருந்தார். அவருடைய ஓவியம் அவருடைய மக்களின் ஓவியம் போல இல்லை என்று தீர்ப்பளித்தவர்கள் அருங்காட்சியகம் நியமித்த நடுவர்கள்.

நமது பழைய பாடப்புத்தகங்கள் செவ்விந்தியர் என்று எழுதிய மக்களின் கதை இது. ஆனாலும் இரத்தினபுரியிலோ கேகாலையிலோ லயத்தில் பிறந்தவர்களுக்கும், அங்கிருந்து விரட்டப்பட்டு வன்னிக்குப் போய் அங்கும் யுத்தத்தில் அகப்பட்டவர்களுக்கும் இந்தக் கதையில் பல இடங்கள் தெரிந்த இடங்களாகவே இருக்கும்.

ஆடுவது குற்றமாக இருந்த காலம்

ஹோவ் வரைந்த நடனங்களின் பெறுமதி தெரிய வேண்டுமானால், அவற்றின் மீது இருந்த தடையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1883இல் அமெரிக்க அரசு பூர்வகுடிகளுக்கென ஒரு குற்றப்பட்டியலை வெளியிட்டது. சூரிய நடனம் போன்ற சடங்குகளும், மருத்துவப் பூசாரிகளின் வழிபாடுகளும் அதில் குற்றங்களாக்கப்பட்டன. ஆடியவர்களுக்கு அரசு கொடுக்கும் உணவுப் பங்கீடு நிறுத்தப்படலாம், சிறையும் கிடைக்கலாம். வேட்டையாடி வாழ்ந்த மக்களிடமிருந்து நிலத்தையும் காட்டெருமைகளையும் பறித்து, அரசின் பங்கீட்டிலேயே அவர்கள் உயிர்வாழ வேண்டிய நிலையை உண்டாக்கிய பிறகு வந்த சட்டம் அது. ஆடினால் பட்டினி என்பதே அதன் நடைமுறை அர்த்தம்.

அதன் பிறகு நிவாடாவில் வொவோக்கா என்ற பையூட் இனத்தவர் ஒரு புதிய ஆட்டத்தைப் பரப்பினார். வட்டமாகக் கைகோர்த்து ஆடினால் இறந்துபோனவர்கள் திரும்பி வருவார்கள், பழைய உலகம் மீளும் என்ற நம்பிக்கை அதில் இருந்தது. ஆவி நடனம் என்று அதற்குப் பெயர். பசியாலும் நோயாலும் உறவுகளை இழந்திருந்த லக்கோட்டா மக்கள் அதைப் பற்றிக்கொண்டார்கள். இறந்தவர்களை நினைத்து ஆடிய ஆட்டம் அரசுக்குக் கிளர்ச்சியாகத் தெரிந்தது. 1890 டிசம்பர் 29ஆம் திகதி தென் டக்கோட்டாவின் வூண்டட் நீ ஓடைக் கரையில், ஆயுதங்களைக் களையச் சொல்லிச் சுற்றிவளைத்த ஏழாவது குதிரைப்படை சுட்டது. 250 பேருக்கும் மேல் கொல்லப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் அவர்களில் பெருந்தொகை. உடல்கள் ஒரே குழியில் புதைக்கப்பட்டன. அந்த நடவடிக்கைக்காகப் படையினர் சுமார் 20 பேருக்கு நாட்டின் அதியுயர் வீரப்பதக்கம் வழங்கப்பட்டது.

தடையிலும் ஆட்டம் முற்றாக நிற்கவில்லை. அமெரிக்கச் சுதந்திர தினமான ஜூலை 4ஆம் திகதி கொண்டாட்டம் என்று சொல்லிக்கொண்டு ஆடினார்கள். முதலாம் உலகப்போருக்குப் போய்வந்த தங்கள் பிள்ளைகளை வரவேற்பதாகச் சொல்லி ஆடினார்கள். அதிகாரிகளால் மறுக்க முடியாத காரணங்கள் அவை. இன்று பவ்வாவ் என்று உலகம் அறிந்த பெருங்கூடல்கள் இப்படித்தான் வளர்ந்தன. நடுவில் பெரிய முரசு. அதைச் சுற்றியமர்ந்து அடித்தபடியே பாடும் குழு. சுற்றிலும் வட்டமாக ஆடுபவர்கள். தொடக்க அணிவகுப்பில் கழுகிறகு கட்டிய கோலை ஏந்தி முன்னாள் போர்வீரர்கள் முதலில் வருவார்கள். டக்கோட்டா மொழியில் இந்தக் கூடலை வச்சிபி என்பார்கள். ஹோவின் ஓவியத் தலைப்பிலும் அந்தச் சொல் இருந்தது.

பாட்டி காட்டிய கோடுகள்

ஓஸ்கார் ஹோவ் 1915 மே 13ஆம் திகதி தென் டக்கோட்டாவின் குறோ கிறீக் ஒதுக்கீட்டு நிலத்தில் பிறந்தார். வூண்டட் நீ படுகொலை நடந்து 25 ஆண்டுகள்கூட ஆகியிருக்கவில்லை. அவருக்கு வீட்டில் வைத்த பெயர் மஸுஹா ஹொக்ஷினா. ஹோவ் என்ற குடும்பப் பெயர் பாட்டனின் டக்கோட்டாப் பெயரை அதிகாரிகள் ஆங்கிலத்தில் பெயர்த்து, பிறகு கத்தரித்ததில் மிஞ்சியது. எப்படி என்று அறியாதவர் என்பது அந்தப் பாட்டனின் பெயர். அதன் கடைசி ஆங்கிலச் சொல் மட்டும் பரம்பரைப் பெயராயிற்று. தோட்டத்துப் பெயர்ப்பதிவுப் புத்தகங்களிலும் பிறப்புச் சான்றிதழ்களிலும் தங்கள் பெயர் சிதைந்து கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

சின்ன வயதிலேயே கையில் கிடைத்ததைக் கொண்டு வரையத் தொடங்கினார். படம் கீறுவது வேலையற்ற வேலை என்று தகப்பன் நினைத்தார். பென்சில் கிடைக்காதபோது அடுப்புக் கரியால் வரைந்தார். அதுவும் இல்லாதபோது தடியால் மண்ணில் கீறினார்.

ஏழு வயதில் பியர் நகரிலிருந்த அரசின் விடுதிப் பாடசாலைக்கு அனுப்பப்பட்டார். பூர்வகுடிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்து, தலைமுடியை வெட்டி, சீருடை அணிவித்து, மொழியை மறக்கச் செய்வதே இத்தகைய பாடசாலைகளின் நோக்கம். ஹோவுக்கு ஆங்கிலம் தெரியாது. டக்கோட்டா பேசினால் அடி விழும். ஆகவே பேசாமலே இருக்கப் பழகினார். அங்கே தோல் நோயும் கண் நோயும் வந்தன. முகத்தைப் பார்த்து மற்றப் பிள்ளைகள் ஒதுங்கினார்கள். தாயும் இறந்துபோனார். பத்து வயதளவில், உயிரை விட்டுவிடலாமா என்றுகூட அந்தப் பிள்ளை நினைத்ததுண்டு.

நோய் காரணமாக வீட்டுக்கு அனுப்பப்பட்டதே அவருக்கு வாழ்வாயிற்று. ஷெல் ஃபேஸ் என்ற அவருடைய பாட்டி அவரைத் தன்னுடன் வைத்துக்கொண்டார். கண் சரியாகத் தெரியாத பேரனுக்குக் கதை சொன்னார். சடங்குகளைச் சொன்னார், ஆட்டங்களைச் சொன்னார். சொல்லும்போதே மண்ணில் கோடுகள் கீறி, எந்த வடிவம் எதைக் குறிக்கிறது என்று காட்டினார். அரசு தடைசெய்திருந்த ஓர் உலகம் ஒரு கிழவியின் விரல்வழியே அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேர்ந்தது. பின்னாளில் பல்கலைக்கழகங்களில் கற்றபோதும், தன் ஓவியத்தின் வேர் பாட்டியிடம் இருந்தது என்றே ஹோவ் சொல்லிவந்தார்.

சாந்தா ஃபேயில் கற்றதும் தாண்டியதும்

கண்ணும் தோலும் தேறிய பிறகு பாடசாலைக்குத் திரும்பிப் படிப்பை முடித்தார். அப்போது அமெரிக்காவில் பெரும் பொருளாதார மந்தம். வீதி வேலை போன்ற கூலி வேலைகள் செய்தார். நெஞ்சு நோய் என்ற சந்தேகம் வந்தபோது, வறண்ட காற்றுள்ள நியூ மெக்சிக்கோவுக்குப் போனார். அங்கே சாந்தா ஃபே இந்தியப் பாடசாலையில் டொரதி டன் என்ற ஆசிரியை 1932இல் தொடங்கிய ஓவிய வகுப்பில் சேர்ந்து, 1938இல் படிப்பை முடித்தார்.

அந்த வகுப்பு பூர்வகுடி இளைஞர்கள் பலருக்குக் கதவு திறந்தது என்பது உண்மை. அதுவரை அரசுப் பாடசாலைகளில் பூர்வகுடிக் கலைக்குப் பெரிதாக இடம் இருக்கவில்லை. அதேநேரம் ஒரு சிக்கலும் உருவானது. தட்டையான நிறங்கள், தெளிவான வெளிக்கோடு, நிழல் இல்லை, ஆழம் இல்லை என்ற ஒரு பாணி அங்கே வளர்ந்தது. வெள்ளையின வாடிக்கையாளர்களுக்கு அது பிடித்துப்போனது. காலப்போக்கில் அதுதான் பாரம்பரிய இந்திய ஓவியம் என்று அருங்காட்சியகங்களும் வியாபாரிகளும் நம்பினார்கள். சில பத்தாண்டுகளே ஆன ஒரு வகுப்பறைப் பாணி, ஆயிரமாண்டு மரபாகிவிட்டது.

ஹோவும் தொடக்கத்தில் அந்தப் பாணியில்தான் வரைந்தார். 1940இல் அரசின் வேலைவாய்ப்புத் திட்டத்தில் மிச்செல் நகர நூலகத்தின் குவிமாடத்தில் சுவரோவியம் தீட்டினார். 1942இல் மோபிரிட்ஜ் நகர மண்டபச் சுவர்களில் டக்கோட்டாச் சடங்குகளையும் வரலாற்றையும் வரைந்தார். அந்தச் சுவர்கள் இன்றும் இருக்கின்றன.

யுத்தமும் குடும்பமும்

அதே ஆண்டு இராணுவத்தில் சேர்க்கப்பட்டார். மூன்றரை ஆண்டுகள் வட ஆபிரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பணியாற்றினார். பாட்டனார் காலத்தில் தன் மக்களைச் சுட்ட இராணுவத்தின் சீருடையையே அவர் அணிந்திருந்தார். இந்த முரண்பாடு அவருக்கு மட்டும் உரியதல்ல. இரண்டாம் உலகப்போரில் பல்லாயிரக்கணக்கான பூர்வகுடி இளைஞர்கள் அப்படிச் சேவை செய்தார்கள்.

யுத்த முடிவில் ஜேர்மனியில் ஹைடி ஹம்பெல் என்ற பெண்ணைச் சந்தித்தார். ஊருக்குத் திரும்பிய பிறகு அவரை அழைத்துவரக் கையில் காசில்லை. 1947இல் பில்புறூக் போட்டியில் டக்கோட்டா வாத்து வேட்டை என்ற ஓவியத்துக்கு முதற்பரிசு கிடைத்தது. அந்தப் பணம் அவரை அழைத்துவர உதவியது. அதே ஆண்டு திருமணம் நடந்தது. பிறகு ஒரு மகள் பிறந்தாள்.

முப்பது வயதைத் தாண்டிய பின்னர்தான் பல்கலைக்கழகம் போனார். படித்துக்கொண்டே கற்பித்தார். 1952இல் டக்கோட்டா வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் பட்டம். தொடர்ந்து ஒக்லஹோமா பல்கலைக்கழகத்தில் ஓவியத்தில் முதுகலைப் பட்டம். மிச்செல் நகரில் சோளக் கதிர்களால் வெளிச்சுவர் முழுவதையும் அலங்கரிக்கும் ஒரு மண்டபம் உண்டு. 1948 தொடக்கம் 1971 வரை அதற்கான வடிவங்களை வரைந்து கொடுத்தார். 1957இல் வெர்மிலியன் நகரிலுள்ள தென் டக்கோட்டா பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். வாழ்நாளின் மிச்சம் அந்த ஊரிலேயே கழிந்தது.

கோடுகளே ஆடுகின்றன

1950களில் அவருடைய ஓவியம் மாறியது. ஆடுபவரின் உடல் கூர்மையான துண்டுகளாகப் பிரிந்தது. இறகுகள், குஞ்சங்கள், முழங்கால்கள், கழுத்து எல்லாம் வளைந்தும் வெட்டியும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்தன. ஆடுபவர் நிற்பதாக இல்லை; பார்ப்பவரின் கண்ணும் ஓரிடத்தில் நிற்க முடியாது. ஒரு நடனத்தில் உடுப்பு எப்படி இருக்கும் என்பதைக் காட்டும் படங்கள் அதற்கு முன்னரும் நிறைய இருந்தன. முரசு ஏறும்போது உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதை ஹோவ் வரைந்தார்.

ஹெயோக்கா நடனத்தை வரைந்தார். டக்கோட்டா மக்களிடையே ஹெயோக்கா என்பவர் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்பவர். சிரிப்பூட்டுபவர், அதேநேரம் புனிதமானவர். நமது கூத்தில் கட்டியங்காரன் எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டே சொல்ல முடியாததைச் சொல்லிவிடுவது நினைவுக்கு வரலாம். சூரிய நடனத்தை வரைந்தார், கழுகு நடனத்தை வரைந்தார், வெற்றி நடனத்தை வரைந்தார், ஆவி நடனத்தையும் வரைந்தார்.

பார்த்த விமர்சகர்கள் இது பிக்காசோவின் கியூபிசம் என்றார்கள். ஹோவ் அதை வாழ்நாள் முழுவதும் மறுத்தார். தன் முறைக்கு அவர் வைத்த பெயர் தஹோக்மு, அதாவது சிலந்தி வலை. வெற்றுத் தாளில் முதலில் புள்ளிகளை இடுவது, பிறகு கோடுகளால் இணைப்பது, அந்த வலையிலிருந்து உருவத்தை எடுப்பது என்பது அவரது வழி. பழைய காலத்தில் ஒருவர் வரலாற்றைச் சொல்ல, மற்றொருவர் தோலில் கோடாக வரைந்த டக்கோட்டா வழக்கத்திலிருந்து இது வந்தது என்றார். புள்ளி வைத்துக் கோலம் போடும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு, இப்படியொரு முறை ஐரோப்பாவிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று தோன்றாது.

அந்தக் கடிதம்

1958இல் உமினே வச்சிபெ நிராகரிக்கப்பட்டபோது ஹோவுக்கு வயது 43. அமைதியான மனிதர், அதிர்ந்து பேசாதவர் என்று அறியப்பட்டவர். அவர் அருங்காட்சியகப் பொறுப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்தியக் கலை என்றால் கண்ணுக்கு அழகான, ஒரே அச்சில் வார்த்த படங்கள் மட்டுமா என்று கேட்டார். தன் மக்களை ஒதுக்கீட்டு நிலத்துக்குள் அடைத்துக் குழந்தைகளைப் போல நடத்தி, அவர்களுக்கு எது நல்லது என்பதை வெள்ளையரே தீர்மானித்த அதே வழக்கம் இப்போது ஓவியத்திலும் தொடர்கிறதா என்று கேட்டார். தனித்து நிற்கும் உரிமை இந்தியக் கலைஞருக்கு மறுக்கப்படுவதை ஏற்க முடியாது என்றார்.

மறு ஆண்டே போட்டி விதிகள் மாற்றப்பட்டன. பழைய பாணிக்கு வெளியே வரையும் பூர்வகுடி ஓவியர்களுக்கும் இடம் கிடைத்தது. 1962இல் சாந்தா ஃபேயில், ஹோவ் படித்த அதே பாடசாலை வளாகத்தில், அமெரிக்க இந்தியக் கலைகள் நிறுவனம் தொடங்கப்பட்டது. அங்கிருந்து வந்த தலைமுறை எந்தப் பாணிக்கும் அனுமதி கேட்கவில்லை. அந்த மாற்றத்துக்கு வழிவிட்டவற்றில் ஹோவின் கடிதம் முக்கியமானது என்று கலை வரலாற்றாளர்கள் கருதுகிறார்கள்.

அந்தக் கடிதம் எழுதிய கையோடு இன்னொன்றையும் செய்தார். வூண்டட் நீ படுகொலையை வரைந்தார். துப்பாக்கிகள் வரிசையாக நிற்கின்றன. கீழே பள்ளத்தில் மக்கள். நடன ஓவியங்களில் பறந்து திரிந்த கோடுகள் இதில் துப்பாக்கிக் குழல்களாக விறைத்திருக்கின்றன. அமெரிக்கப் பாடப்புத்தகங்கள் அந்த நாளை ஒரு சண்டையாக எழுதிக்கொண்டிருந்த காலம் அது. அமெரிக்கக் காங்கிரஸ் அந்தப் படுகொலைக்கு வருத்தம் தெரிவித்தது 1990இல், அதாவது சரியாக 100 ஆண்டுகள் கழித்து. கொடுத்த வீரப்பதக்கங்களைத் திரும்பப் பெறும்படி சந்ததியினர் பல காலமாகக் கேட்டு வருகிறார்கள். அரசு ஒப்புக்கொள்வதற்கு 30 ஆண்டுகள் முன்னரே ஓர் ஓவியம் அதைச் சொல்லிவிட்டது.

கடைசி ஆண்டுகள்

1960இல் தென் டக்கோட்டா மாநிலம் அவரை அரச ஓவியராகக் கௌரவித்தது. 1971இல் அமெரிக்க வெளிவிவகாரத் திணைக்களம் அவரை அருகிழக்கிலும் தெற்காசியாவிலும் விரிவுரைப் பயணம் அனுப்பியது. ஒரு காலத்தில் அவருடைய மொழிக்காக அவரை அடித்த அரசு, பிறகு அவருடைய கலையைக் காட்டித் தன்னைப் பற்றி உலகுக்கு நல்லதாகச் சொல்லிக்கொண்டது.

பார்க்கின்சன் நோய் அவருடைய கைகளைத் தாக்கியது. நேர்கோட்டை வாழ்வாகக் கொண்டிருந்தவருக்கு அதைவிடக் கொடிய நோய் இல்லை. 1978இல் பூர்வகுடிகளின் சமய சுதந்திரத்தைப் பாதுகாக்கும் சட்டம் நிறைவேறியது. பாட்டி இரகசியமாகச் சொல்லிக்கொடுத்த சடங்குகள் சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்றதை அவர் உயிரோடு இருந்து பார்த்தார். 1983 ஒக்டோபர் 7ஆம் திகதி, 68ஆவது வயதில் இறந்தார். 2022இல் நியூயோர்க்கிலுள்ள அமெரிக்க இந்தியர்களுக்கான தேசிய அருங்காட்சியகம் அவருடைய ஓவியங்களின் பெருங்கண்காட்சியை நடத்தியது.

நமது ஆட்டங்கள் யாருடையவை?

ஹோவ் இறந்த அந்த 1983ஆம் ஆண்டு நமக்கு என்ன ஆண்டு என்பதைச் சொல்லத் தேவையில்லை. சப்ரகமுவத் தோட்டங்களுக்கோ அதற்கு முன்னரே தொடங்கிவிட்டது. 1977இலும், 1981 ஓகஸ்ட்டில் இரத்தினபுரி, கஹவத்தை, பலாங்கொடைப் பக்கங்களிலும் லயங்கள் எரிந்தன. சிங்களக் கிராமங்களின் நடுவே சிறு சிறு தீவுகளாகச் சிதறிக் கிடந்த தோட்டங்கள் அவை. அங்கிருந்து கிளம்பியவர்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் போனார்கள். காடு வெட்டிக் குடியேறிய அவர்களில் பலர் 2009 வரை யுத்தத்தின் எல்லாக் கட்டங்களையும் அனுபவித்தார்கள்.

அவர்கள் கொண்டுபோனவற்றில் ஆட்டமும் இருந்தது. மாசி மாதத்தில் காமன் கம்பம் ஊன்றி, பகல் முழுதும் கொழுந்தும் பாலும் எடுத்துக் களைத்த பிறகு, இரவில் தப்பு முழங்க ரதியும் மன்மதனும் ஆடுவார்கள். சிவனின் கண்ணில் மன்மதன் எரிந்து சாம்பலாவான். ரதி அழுவாள். பிறகு அவன் எழுவான். இறந்தவர் திரும்பி வரும் ஓர் ஆட்டத்தை, இறந்தவர்களைப் புதைத்த இடம்கூடத் தெரியாத மக்கள் ஆண்டுதோறும் ஆடி வந்திருக்கிறார்கள். ஆவி நடனத்தை ஆடிய லக்கோட்டா மக்களுக்கும் நமக்கும் இடையில் அவ்வளவு தூரம் இல்லை.

இன்று மலையகம் 200 என்று பேசத் தொடங்கியிருக்கிறோம். மலையகக் கலை மேடைக்கு வருகிறது, மகிழ்ச்சி. ஆனால் மேடையைத் தீர்மானிப்பவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். உல்லாசப் பயணச் சுவரொட்டிக்குக் கூடையோடு சிரிக்கும் பெண் போதும். விழாக்காரர்களுக்குப் பத்து நிமிடத் தப்பாட்டம் போதும். விடிய விடிய நடக்கும் கூத்தில் இருக்கும் அழுகையும் கேலியும் கோபமும் அவர்களுக்குத் தேவைப்படுவதில்லை. அந்தக் கூத்தின் வடிவத்தை மாற்றி 1981ஐப் பற்றியோ, முள்ளிவாய்க்காலைப் பற்றியோ, இன்னும் கிடைக்காத காணியைப் பற்றியோ ஓர் இளைஞர் ஆடினால், இது பாரம்பரியம் இல்லை என்று சொல்ல முதலில் யாராவது ஒருவர் எழுந்து நிற்பார். சில வேளை அது நம்மவராகவும் இருக்கும்.

தப்படிக்கும் குடும்பங்களைச் சாதி சொல்லித் தள்ளி வைத்துக்கொண்டே தப்பை மட்டும் இன அடையாளமாக மேடையேற்றுவதும் இதே வகைக் கேள்விக்குள் வரும். ஓர் ஆட்டம் அதை ஆடுகிறவர்களுடையது. அதை எப்படி வைத்துக்கொள்வது, எப்படி மாற்றுவது என்பதும் அவர்களுடைய முடிவு. டக்கோட்டா ஓவியர் ஒருவர் 1958இல் தபாலில் போட்ட கடிதத்தின் சாரம் இதுதான்.

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் காமன் கூத்துப் பாடல்களை முழுதாகப் பாடத் தெரிந்தவர்கள் இப்போது முதியவர்களாக இருக்கிறார்கள். கிளிநொச்சியில் மலையாளபுரம், பாரதிபுரம் போன்ற குடியிருப்புகளிலும் அப்படியானவர்கள் இருக்கிறார்கள். கண் தெரியாத ஒரு சிறுவனுக்குக் கதை சொல்லி மண்ணில் கோடு கீறிய பாட்டியிடமிருந்து எவ்வளவு கிடைத்தது என்பதைப் பார்த்தோம். நமது வீடுகளிலும் அப்படியான பாட்டிமார் இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.